உறவுப்பெயரும் பால்விகுதியும்: சிறுவர் இயங்குபடக் குரல்மாற்றத்தில் பால்புதுமையர்

'சைலர் மூன்' என்னும் ஜப்பானிய இயங்குபடத் தொடரில் காதலர்களாகப் படைக்கப்பெற்ற ஹாருகா, மிச்சிரு என்னும் இரு பெண்கள், 2000-இல் வட அமெரிக்க ஆங்கிலக் குரல்மாற்றத்தில் 'கசின்'களாக்கப்பட்டனர். உறவை மறைக்க ஒரு சொல் போதும் என எண்ணினர் போலும். இவ்வுத்தி தமிழில் செல்லாது. 'கசின்' என்பதற்கு ஈடான பொதுச்சொல் நம் உறவுமுறையில் இல்லை. சித்தி மகள் என்றால் அக்காளோ தங்கையோ ஆவாள். மாமன் மகள் என்றாலோ கொள்வினை கொடுப்பினைக்குரிய முறை வந்துவிடும். மறைக்க வந்த சொல்லே மணவுறவை நினைவூட்டும்!

வினைமுற்றின் சிக்கல் இதனினும் நுட்பமானது. 'வந்தான்', 'வந்தாள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பேடு குறித்த பெயர்களுக்குத் தமக்கெனப் பால்காட்டும் ஈறு இல்லை என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே கண்டுரைத்தார். 'வந்தார்' எனும் உயர்வு ஒருமை இவ்விடரைத் தீர்க்கும் எனலாம். ஆயினும் எட்டு வயதுப் பாத்திரத்தை அதன் தோழர்களே 'அவர்' என்பது காட்டூர்த் தெருவில் விளையாடும் குழந்தையின் செவிக்கு ஒவ்வாது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலில் தமிழக அரசு 2022-இல் வெளியிட்ட சொற்பட்டியல் 'பால்புதுமையர்' முதலிய பெயர்களைத் தந்தது. அது பெயர்களின் பட்டியலே. குரல்மாற்ற உரையாடலை எழுதுபவர் வாக்கியந்தோறும் எதிர்கொள்வதோ வினையின் ஈற்றை.