அர்ஜியும் ஐயனாரும்

ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஃபனி போய்’ நாவலை 1983 இனக்கலவரத்தின் பதிவாக மட்டும் நோக்குதல் குறையுடைத்து. அர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவன் கலவரத்துக்கு முன்பே சொந்த வீட்டில் அந்நியனாகிறான். சேலையுடுத்தி மணமகளாக விளையாடியமைக்காகச் சிறுமியர் கூட்டத்திலிருந்து விலக்கப்படுகிறான். பின்னர் தன் பள்ளித் தோழனை நேசிக்கிறான். இன ஒடுக்குமுறையைக் கண்டிக்கும் நாம், இல்லத்துள் நிகழும் இவ்விலக்கலைக் காணாதிருத்தல் தகாது.

அனலைதீவில் அரிகரபுத்திர ஐயனாரைத் தொழுகின்றோம். மோகினி வடிவுற்ற திருமாலுக்கும் சிவனுக்கும் பிறந்தவர் அவர் என்பது புராணம். கடவுளரிடத்து ஏற்கும் வேறுபாட்டைப் பெற்ற பிள்ளையிடத்து ஏற்க மறுப்பது முரணன்றோ? ஆங்கிலேயர் ஆட்சியில் ஆண்களுக்கென விதிக்கப்பட்ட தடையை 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களுக்கும் விரித்தது. அதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. தீவக இல்லங்களின் தீர்ப்பு எதுவாகும்?