அடைத்த மறுநாள்

தை மாதம் மரவள்ளி பிடுங்கி ஆலைக்கு ஏற்றி முடித்த கையோடு, சின்னசேலம் பக்கம் இருக்கும் எங்கள் உறவுக்கார அண்ணன் வங்கிக்குப் போனார். அவருக்குப் பேருந்தில் நடத்துநர் வேலை, கூடவே மூன்று ஏக்கர் காடு. மூத்த மகள் கல்யாணத்துக்காக 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கியிருந்தார். 14 சதவீத வட்டி, 60 மாதம், மாதத் தவணை ரூ. 6,980. பன்னிரண்டு தவணைதான் கட்டியிருந்தார். மரவள்ளிப் பணத்தோடு சீட்டுப் பணத்தையும் போட்டு மொத்தத்தையும் அன்றைக்கே அடைத்துவிட்டார். வங்கி கொடுத்த நிலுவையில்லாச் சான்றை மஞ்சள் பையிலிருந்து எடுத்துச் சாமி படத்தடியில் வைத்தார் அண்ணி. “கடன் இல்லாம படுக்கிற தூக்கமே வேற, தம்பி” என்றார் அண்ணன்.

ஆனியில் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அதே வாரம் சின்னவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கையில் ஒன்றுமில்லை. 80,000 ரூபாயை மூணு ரூபாய் வட்டிக்கு வாங்கினார்.

கடனை முன்கூட்டி அடைப்பது நல்ல பழக்கம் என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அந்தச் செயலை அடைத்த நாளை வைத்து எடைபோட முடியாது. அடைத்த மறுநாள் கையில் என்ன மிஞ்சியது, விடுபட்ட தவணைப் பணம் எங்கே போனது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் ஆண்டுகளின் கனம்

நல்ல பக்கத்தை முதலில் பார்ப்போம். மாதத் தவணை முழுக்க ஒரே தொகைதான். ஆனால் அதற்குள் வட்டியும் அசலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அண்ணன் முதல் ஆண்டில் கட்டியது ஏறத்தாழ ரூ. 83,770. அதில் அசலில் கழிந்தது ரூ. 44,550 மட்டுமே, மீதி ரூ. 39,200 வட்டிக்கே போயிற்று. நிலுவை அசல் ரூ. 2,55,450. மீதி நான்கு ஆண்டும் தவணையாகக் கட்டியிருந்தால் இன்னும் ரூ. 79,600 வட்டி போயிருக்கும். முன்கூட்டி அடைத்ததற்கு 4 சதவீதக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று ரூ. 12,050 பிடித்தார்கள். அதைக் கழித்தாலும் ரூ. 67,500 மிச்சம். ஒரு நடத்துநர் குடும்பத்துக்கு இது பெரிய பணம்.

இதே கடனை நான்கு ஆண்டு கட்டிவிட்டுக் கடைசி ஆண்டில் அடைத்திருந்தால் கதை வேறு. அப்போது நிலுவை ரூ. 77,750, மிச்சப்படும் வட்டி ரூ. 6,020 மட்டுமே. அதே விகிதத்தில் கட்டணமும் வரியும் ரூ. 3,670. ஆக லாபம் ரூ. 2,350. அந்தப் பணத்தை 6, 7 சதவீத வைப்பில் போட்டு மாதாமாதம் எடுத்துத் தவணை கட்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே தொகை வட்டியாகக் கிடைத்திருக்கும். எனவே ‘எப்படியோ சீக்கிரம் முடித்தால் சரி’ என்பது கணக்காகாது. முதல் பாதியில் அடைப்பவருக்குத்தான் உண்மையான பலன். கடைசி ஆண்டில் அடைப்பவருக்குக் கிடைப்பது மன நிம்மதி. அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதைப் பண லாபம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

கட்டணம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

முன்கூட்டி அடைப்பதற்கு வாங்கும் ‘பிரீ குளோஷர்’ கட்டணம் குறித்துக் குழப்பம் நிறைய. மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு இந்தக் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் வங்கிகளுக்குச் சொன்னது. 2014-இல் தனிநபர்கள் வாங்கும் மற்ற மாறும் வட்டிக் கடன்களுக்கும் அதை விரித்தது. 2025 ஜூலையில் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரே விதித்தொகுப்பு வந்தது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களுக்கு அது பொருந்தும். தொழில் அல்லாத தேவைக்குத் தனிமனிதர் வாங்கும் மாறும் வட்டிக் கடனை எந்தப் பணத்தைக் கொண்டு அடைத்தாலும், எத்தனை மாதத்தில் அடைத்தாலும் கட்டணம் இல்லை.

ஆனால் நம் ஊரில் சம்பளக்காரர்கள் வாங்கும் தனிநபர் கடனில் பெரும்பகுதி நிலையான வட்டிக் கடன். அதற்கு இந்த விலக்கு இல்லை; வங்கி தன் கொள்கைப்படி கட்டணம் வைக்கலாம். கடன் வாங்கும்போது கொடுக்கும் முக்கிய விவரத் தாளில் சொல்லாத முன்னடைப்புக் கட்டணத்தைப் பிறகு கேட்க முடியாது என்ற பாதுகாப்பு மட்டும் உண்டு. அந்தத் தாளை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் நம் பெரிய பலவீனம். கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்ற அவசரத்தில் அண்ணனும் படிக்கவில்லை. கட்டணத் தொகையை அடைக்கப் போன அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

இன்னொன்று: முழு நிலுவையையும் கட்டி முடித்த கணக்கு, கடன் வரலாற்றில் ‘குளோஸ்டு’ என்று பதிய வேண்டும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று பதியும். பின்னால் கடன் கேட்கும்போது இந்த ஒரு சொல் கதவைச் சாத்திவிடும். சான்று வாங்கிவிட்டோம் என்று இருந்துவிடாமல், ஒன்றிரண்டு மாதம் கழித்து அந்தப் பதிவையும் பார்த்துவிட வேண்டும்.

மாதச் சம்பளமும் வெள்ளாமைப் பணமும்

இ.எம்.ஐ. என்பது மாதச் சம்பளக்காரருக்காகப் போட்ட கணக்கு. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பணம் அப்படி வருவதில்லை. பத்து மாதம் நிலத்தில் கிடக்கும் மரவள்ளி ஒரே வாரத்தில் பணமாகிறது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவருக்கும் பணம் மொத்தமாகத்தான் வரும். மொத்தமாக வரும் பணம் மொத்தமாகவே கரையும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆகவே வந்த அன்றே கடனில் கட்டிவிடுவது வெறும் அவசரமல்ல. பணத்தைக் காப்பாற்றும் அனுபவ அறிவு அது. இதைக் குறைத்துச் சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மொத்தமாக வந்தது அடுத்த வெள்ளாமை வரை ஓட வேண்டிய பணமும்கூட. கரணை, உரம், களை எடுக்கும் கூலி, ஆனி ஆடியில் பள்ளி, கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதை மறந்து பூராவும் அடைத்தால், மலிவான கடனை மூடிவிட்டு விலை கூடிய கடனைத் திறந்ததாகிவிடும். வங்கியின் 14 சதவீதம் நம் ஊர்ப் பேச்சில் ஒன்றேகால் ரூபாய் வட்டிக்கும் குறைவு. மூணு ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். 80,000 ரூபாய்க்கு மாதம் ரூ. 2,400. அசல் குறையாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், இருபத்தெட்டே மாதத்தில் ரூ. 67,200 போய்விடும். அண்ணன் வங்கியில் மிச்சம் பிடித்த அத்தனையும் அதோடு சரி.

அப்படியானால் அடைத்தது தவறா? நானும் அண்ணனும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வங்கித் தவணை நின்றுவிட்டதால் மாதம் ரூ. 6,980 இப்போது அவர் கையில் இருக்கிறது. அதை அப்படியே வட்டிக்காரருக்குக் கட்டினால் பதினைந்து மாதத்துக்குள் கடன் தீரும். போகும் வட்டி ஏறத்தாழ ரூ. 19,500. அப்போதும் 48,000 ரூபாய் அவருக்கு மிச்சம்தான். மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. தையிலேயே 80,000 ரூபாயைக் கையில் நிறுத்திக்கொண்டு மீதியை மட்டும் வங்கியில் கட்டி, பழைய தவணையையே தொடர்ந்திருந்தால் அந்த 80,000-க்கு ரூ. 6,400 அளவில்தான் வட்டி ஆகியிருக்கும். பதின்மூவாயிரம் கூடுதலாக மிஞ்சியிருக்கும். யார் வாசலிலும் போய் நின்றிருக்க வேண்டாம். பகுதித் தொகை கட்டுவதற்குச் சில வங்கிகள் ஆண்டுக்கு ஒரு தடவை, இத்தனை பங்குதான் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இருந்தும் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தள்ளுபடி என்னும் மனத்தடை

முன்கூட்டி அடைப்பதைத் தடுக்கும் எண்ணம் ஒன்றும் இங்கே ஊறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் ரூ. 12,110 கோடிப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. ஜனவரி 31-இல் நிலுவை வைத்திருந்தவருக்குத்தான் அது கிடைத்தது. அதற்கு முந்தின வாரம் கடன்பட்டுக் கட்டி முடித்தவருக்கு ஒன்றுமில்லை. அடுத்து ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியிலும் இதே மனக்கசப்பு. ஒழுங்காகக் கட்டியவர் தம்மை ஏமாந்தவராக உணர்ந்தது நியாயமான வருத்தம்.

ஆனால் அந்த அனுபவத்தைத் தனிநபர் வங்கிக் கடனுக்கு நீட்டக் கூடாது. அந்தத் தள்ளுபடிகள் கூட்டுறவுக் கடன்களுக்கு வந்தவை. பயிர்க்கடனின் கணக்கே வேறு: குறித்த தேதிக்குள் கட்டினால் வட்டிச் சலுகை உண்டு, எனவே அதைத் தேதி தவறாமல் கட்டினால் போதும், தேதிக்கு முன்னால் ஓடி அடைக்கத் தேவையில்லை. கையில் பணம் இருந்தால் அது 14 சதவீதக் கடனுக்குப் போகட்டும். எல்லாக் கடனையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் பிழை.

மலையில் இதன் பொருள்

எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்குப் போனால் இந்த விவாதமே வேறு உருவம் எடுக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-இல்தான் வந்தது. இன்றைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வெளிமாநிலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு. அந்த முன்பணத்துக்கு விவரத் தாள் இல்லை, நிலுவைச் சீட்டு இல்லை. ‘இந்தா உன் பணம், கணக்கை முடி’ என்று நடுவில் சொல்லிவிட்டு ஊர் திரும்பவும் முடியாது. பருவம் முடியும்வரை உடம்புதான் தவணை.

இந்த மலையிலிருந்து பார்த்தால், கடனை நினைத்த நாளில் அடைக்கும் உரிமை ஒரு மனிதனின் விடுதலை என்பது புரியும். நுண்கடன் குழுக்களில் இருக்கும் பெண்களுக்கு அந்த உரிமை 2022 ஏப்ரலிலிருந்து விதியாகவே இருக்கிறது: ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தின் நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் குழுக் கூட்டம் நடக்கும் திண்ணைகளில் இதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

அதனால்தான் நிலையான வட்டிக் கடன்களுக்கும் முன்னடைப்புக் கட்டணம் ஒழிய வேண்டும் என்கிறேன். வங்கி தன் வருமானம் குறைகிறது என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. நீண்ட காலத்துக்கு வாங்கிய வைப்புக்கு அது வட்டி கொடுத்தாக வேண்டும். ஆனால் சின்னக் கடன்காரர் சேர்த்துவைத்ததைக் கொண்டுவந்து நேர்மையாகக் கட்டும்போது அதற்கு அபராதம் போடுவது, கட்டுகிற கையைத் தட்டிவிடுவதாகும்.

அண்ணனின் சட்டைப்பையில் ஒரு சின்ன நாட்குறிப்பு இருக்கிறது. 5-ஆம் தேதிக்கு நேராக ‘வங்கி 6,980’ என்று ஆண்டு முழுக்க எழுதி வைத்திருந்தார். வங்கி என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டார், தொகையை அடிக்கவில்லை. மாதம் தவறாமல் அந்தப் பணம் மூணு ரூபாய் வட்டிக்குப் போகிறது. “இது முடிஞ்சதும் இதே தொகையைச் சேமிப்புல போடப் போறேன். அடுத்த தையில முதல்ல ஆனிக்கு எடுத்து வைச்சுட்டுத்தான் மத்தது” என்றார்.