குறுமுயலும் பெரும்பாணாற்றுப்படையும்

யானை வேட்டம் பெரிது, முயல் வேட்டம் சிறிது என்பது நம் மரபில் ஊறிய எண்ணம். கானக முயலை வீழ்த்திய அம்பினும் யானையைக் குறிதப்பிய வேலை ஏந்துதலே இனிது என்பது படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்து. படைவீரனுக்கு அது பொருந்தும். நாள்தோறும் உலையேற்ற வேண்டிய குடும்பத்தானுக்கும் பொருந்துமா? இவ்வினாவுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் விடை உண்டு என்பது நம் துணிபு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய 500 அடிப் பாட்டு இது. பரிசில் பெற்ற பாணன், வறிய பாணனுக்கு வழி கூறுகிறான். வழியில் எயினர் குடியிருப்பு. அங்கே மகளிர், எறும்பு சேர்த்த புல்லரிசியை நிலத்தைக் கிளறி எடுக்கின்றனர். ஆடவரோ, மழை பொய்த்த காலத்தில் நீர் நாடிவரும் பன்றிக்காகக் குழியினுள் நள்ளிரவில் ஒடுங்கிக் காத்திருக்கின்றனர். அவ்வேட்டம் வாய்க்காதபோது பகலில் நாய்களுடன் புறப்படுகின்றனர். புதர்களை அடித்துக் கலைத்து, வேலிபோல் வலை தொடுத்து, தப்ப வழியின்றி முயலை வளைத்துப் பிடித்துக் கூடி உண்கின்றனர்.

இக்காட்சியைப் பலர் வெறும் நில வருணனையென்று கடந்து செல்வர். அது முறையன்று. நம் நாட்டுக் காட்டுமுயல் மேலைநாட்டுக் குழிமுயலைப்போல் வளை தோண்டி வாழ்வதில்லை. பகலில் புல்லிடையிலோ புதரடியிலோ செவியை முதுகோடு படியவைத்துக் கிடக்கும். மண்ணின் நிறமே அதன் நிறம். மிக நெருங்கும்வரை அசையாது, அசைந்தால் பாய்ந்தோடிவிடும். ஆகவே அதனைக் கண்டறிய மனிதன் கண்ணினும் நாயின் மூக்கே வேண்டும்; ஓட்டத்தைத் தடுக்க வலை வேண்டும். நாய், புதர், வலை என்று புலவர் அடுக்கும் முறை, வேட்டைத்தொழிலின் முறையே.

இனி உவமை. முயலின் நெடுஞ்செவிக்குத் தாமரையின் புறவிதழை ஒப்பிடுகிறார் புலவர். குவிந்து நீண்ட வடிவப் பொருத்தம் வெளிப்படை. ஆயினும் வறண்ட காட்டில் தாமரை எங்கிருந்து வந்தது? சற்று முன்னரே மழையில்லாப் பொழுதையும் நீர்வேட்கையையும் கூறிய புலவர், அவ்வறுமையின் நடுவே நீர்ப்பூவை வைக்கிறார். பசித்தவன் கண்ணுக்கு அம்முயல் எத்துணை வளமாகத் தோன்றியிருக்கும் என்பதை வேறெந்த உவமையும் இவ்வாறு உணர்த்தாது. இஃது அணிக்காக வந்த உவமையன்று. பசியறிந்து வந்த உவமை.

புறநானூற்று 322ஆம் பாட்டில் சிறுவர்கள் எலி பிடிக்க வில்லெடுத்து ஆரவாரிக்க, அஞ்சிய முயல் மன்றில் பாய்ந்து கலங்களை உடைக்கிறது. அங்கே முயல் நகை விளைக்கிறது, இங்கே குடிகாக்கிறது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பவரே சங்கப் புலவரின் கண் எத்துணை விரிந்தது என்பதை அறிவர்.

மாதேசுவர மலைக்குச் செல்லும் வழியில் கௌதள்ளியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, தமிழ் பேசும் முதியவர் ஒருவரிடம் இப்பாட்டின் செய்தியைக் கூறினோம். கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ் அங்கே வந்தேறியன்று. அவர் சிரித்து, "நாயி மூக்கைக் கீழ வெச்சு நின்னுதுன்னா அங்க மொசலு இருக்குதுங்க, அதெல்லாம் எங்க அப்பாரு காலமுங்க" என்றார். நாம் உரைநூல்களில் தேடிய விளக்கம் ஒரே தொடரில் கிடைத்தது. முயல் அவர் நாவில் மொசல். அருகிருந்த கன்னடியர் நாவில் மொல. இருமொழிக்கும் வேர் ஒன்றே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவ்வேட்டைக்கு இடமில்லை; இருக்கவும் வேண்டா. ஆனால் வேட்டையோடு அவ்வறிவும் போய்விட்டால், அறிந்து பாடிய பாட்டு நம் பிள்ளைகளுக்கு வெறும் அருஞ்சொல் அகராதியாகிவிடும். பாடப்புத்தகத்தின் வெள்ளை முயலை மட்டுமே அறிந்த பிள்ளைக்குப் புலவர் கண்ட முயலைக் காட்டுவது நம் கடன்.

பிறந்த மண்ணில் பன்றி வராத இரவுகளைக் கண்டே நம்மில் பலர் இங்கு வந்தோம். கிடைத்தது குறுமுயலே. அதனைக் கூடி உண்டோம், குடி காத்தோம். அதனைச் சிறிதென்று எண்ணாத ஒரு புலவர் நமக்கு உண்டு. அவரை மறவாதிருப்போமாக.