மணலிக்கரைக் கல்லும் ஊராரும்: சுந்தரம் பிள்ளை வாசிப்பைப் பற்றிச் சில எண்ணங்கள்

தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் சங்க மலருக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் உத்தரமேரூரில்தான் தொடங்குவோம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு, குடவோலை என்று அடுக்கி, ஜனநாயகத்தை உலகுக்குக் கற்றுக் கொடுத்தவன் தமிழன் என்று முடித்துவிடுவோம். நானும் முன்பு அப்படி எழுதியவன்தான். இந்த முறை அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று தோன்றியது. தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தக்கலை. பக்கத்திலே பத்மநாபபுரம். அதற்கு அருகில் மணலிக்கரை. அவ்வூர்க் கல்வெட்டு ஒன்றையும், அதை நமக்குப் படித்துக் காட்டிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் விளக்கத்தையும்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பேராசிரியரின் இன்னொரு முகம்

சுந்தரம் பிள்ளை என்றதும் 'மனோன்மணீயம்' நினைவுக்கு வரும். 1891இல் வெளிவந்த அந்நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தைத்தான் 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடி வருகிறார்கள். ஆனால் அவர் பிறந்தது ஆலப்புழையில், வேலை பார்த்தது இதே திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில், கற்பித்தது தத்துவம் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நாம் நடக்கிற தெருவில் நடந்த மனிதர் அவர்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தென் திருவிதாங்கூர்க் கிராமங்களுக்குப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். அவற்றைக் கொண்டு வேணாட்டு மன்னர்களின் வரிசையை வகுத்து, ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றி, 1890களில் நூலாக்கினார். 'கேரளோற்பத்தி' போன்ற ஐதிகங்களை நம்பி வேணாட்டு வரலாறு சொல்லி வந்த காலத்தில், கொல்லம் ஆண்டு பொறித்த கல்லைக் காட்டி, 'இந்த ராஜா இந்த வருஷம் இருந்தார்' என்று நிறுத்தியது பெரிய காரியம். 1897இல், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்துவிட்டார். இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப் போகும் குறை, அவர்மேல் மரியாதை இல்லாமல் வந்தது அல்ல.

கல் சொல்வது

மணலிக்கரைக் கல்வெட்டின் ஆண்டு கொல்லம் 410, அதாவது கி.பி. 1235. மன்னர் வேணாட்டு வீரரவி கேரளவர்மர். அரசன் தன்னந்தனியாகப் பிறப்பித்த ஆணை அன்று அது. அரசன் தரப்பு அதிகாரிகள், கோதைநல்லூர்ச் சபையார், அவ்வூரார், வரி தண்டும் உரிமை பெற்ற கண்டன் திருவிக்கிரமன் ஆகியோர் கூடிப் பேசி எடுத்த முடிவு அதிலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

சாரம் இதுதான். சாதாரண ஆண்டுகளில் நிலத்துக்கு உரிய கடமை இவ்வளவு என்று வரையறை உண்டு. மழை பொய்த்து வயல் சாவியாய்ப் போனால், சபையாரும் ஊராரும் வயலைப் பார்வையிட்டு, விளைந்தது எது, சாவியானது எது என்று பிரிக்க வேண்டும். சாவியான நிலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வரிதான். எல்லா நிலமும் ஒன்றுபோலக் கெட்டுவிட்டால் அதை முறைப்படி தெரிவிக்க வேண்டும்; பார்வையிட்ட பிறகு மொத்தக் கடமையிலும் ஐந்தில் ஒன்று. அதையும் அந்த வருஷம் கட்ட இயலாது என்று சபையாரும் ஊராரும் ஒருமித்துக் கேட்டுக்கொண்டால், எல்லா நிலத்தின் மேலும் பங்கிட்டு அடுத்த விளைச்சலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வட்டி கிடையாது.

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். வட்டி கிடையாது! நான் முப்பது ஆண்டுகள் அரசுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். தள்ளுபடி, தவணை, கால நீட்டிப்பு என்று எத்தனையோ உத்தரவுகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. இவ்வளவு சுருக்கமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டவை அவற்றில் அதிகம் இல்லை.

அவர் கண்டது

இக்கல்வெட்டைத் திருவிதாங்கூரின் மாபெரும் உரிமைச் சாசனங்களில் ஒன்றாகவே சுந்தரம் பிள்ளை கருதினார். அவர் காலத்தில் ஆங்கிலம் படித்தவர் காதில் 'உரிமைச் சாசனம்' என்று விழுந்தால், 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜானிடம் பிரபுக்கள் வாங்கிய மாக்னா கார்ட்டா நினைவுக்கு வராமல் இருக்காது. இரண்டுக்கும் இடையே இருபது வருஷம்தான் வித்தியாசம். 'உங்களிடம் இருந்தது எங்களிடமும் இருந்தது' என்று வெள்ளைக்காரன் மொழியிலேயே அவனுக்குச் சொல்லும் உத்வேகம் அவர் எழுத்தில் உண்டு. அன்றைக்கு அது வேண்டியதாகவும் இருந்தது.

அவர் கவனித்த இன்னொன்று மிக நுட்பமானது. கல்வெட்டில் 'சபையார்' வேறு, 'ஊரார்' வேறாகச் சொல்லப்படுகிறார்கள். எனவே சபை என்பது அன்றைக்குத் தற்செயலாகக் கூடிய கும்பல் அல்ல, நிலையான ஓர் அமைப்பு என்று அவர் கொண்டார். சரியான ஊகம்தான். ஆனால் அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். நான் அங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். சபையார் வேறு, ஊரார் வேறு, சரி. அந்த ஊரார் யார்?

ஊரார் என்பவர் யார்?

இதற்கு விடை தேட மற்றக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். உத்தரமேரூரில் குடவோலையில் பேர் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் மானூர்க் கல்வெட்டு ஒன்று உண்டு, ஏறத்தாழ கி.பி. 800. சபையில் உட்காரத் தகுதி நிலப் பங்கும் படிப்பும் ஒழுக்கமும். எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்பவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்றும் அதில் இருக்கிறது. (நம் சங்கப் பொதுக்குழுவுக்கு அந்த விதியைக் கொண்டு வந்தால் கட்டட நிதி ஒரே வருஷத்தில் சேர்ந்துவிடும்!) எங்கு பார்த்தாலும் அளவுகோல் நிலம்தான். மணலிக்கரைக் கல்லும் நிலத்துக்கு வரி கட்டுகிறவனைப் பற்றித்தான் பேசுகிறது. நிலத்தில் இறங்கி வேலை செய்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இங்கே இங்கிலாந்தையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாக்னா கார்ட்டாவை விட்டுவிட்டு அவர்களுடைய கிராமப் 'பாரிஷ்' பக்கம் போவோம். குமரிக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று சொல்வார்களே, அதுதான். அங்கே அது கோயில் காரியத்தோடு நிற்காமல் ஊர் நிர்வாகமாகவும் இருந்தது. வரி கட்டும் வீட்டுக்காரர்கள் கோயிலில் கூடி ரோடு, காவல், கணக்கு எல்லாம் பார்த்தார்கள். 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளைப் பராமரிப்பதும் பாரிஷின் பொறுப்பு. அதற்கென்று தனி வரி, அதைப் பிரித்துக் கொடுக்கத் தனி ஆட்கள்.

அதை அன்பு என்று மட்டும் எண்ண வேண்டாம். 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியூரிலிருந்து வந்த ஏழை ஊருக்குச் செலவு வைப்பான் என்று தோன்றினால் அவனை அவன் சொந்தப் பாரிஷுக்கே துரத்திவிடலாம். பிழைக்கப் போன இடத்தில் வாழும் நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் மன்றம் என்பதே அங்கு 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது, அதாவது நம் பேராசிரியர் இந்த ஆராய்ச்சியில் இருந்த அதே காலத்தில்.

ஆனாலும் ஒரு விஷயம். ஏழை அங்கே ஊருக்குச் செலவு. ஆகவே அவன் கணக்கில் ஏறினான். ஒரு விதவைக்குச் செருப்பு வாங்கியது, நோயாளிக்கு விறகு கொடுத்தது எல்லாம் அந்தப் பழைய கணக்குப் புத்தகங்களில் கிடக்கின்றன. நம் கல்லில் ஏறியது வரியும் கோயில் தானமும். கூலிக்காரன் இரண்டிலும் இல்லை. அவனுக்கு வாயில்லை என்றோ வாழ்க்கையில்லை என்றோ அர்த்தமில்லை. கல் வெட்டுவித்தவர்களுக்கு அவனைக் குறிக்க அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சி சொன்னது

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து எனக்கு வரவில்லை. என் தாய்வழி ஆச்சி வீடு தக்கலைப் பக்கம். கொஞ்சம் வயல் உண்டு; கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டும் விளையும். ஒரு வருஷம் கன்னிப்பூ சாவி. பாட்டத்துக்கு எடுத்தவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து தவணை கேட்டார். தாத்தா, 'சரி, கும்பப்பூவிலே பாக்கலாம்' என்றார். வட்டி பேச்சே இல்லை. மணலிக்கரைக் கல்லை அவர் படித்ததில்லை. ஆனாலும் அந்த நியாயம் அவர் ரத்தத்தில் இருந்தது என்று நான் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருஷம் கழித்து ஆச்சியிடமும் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பாட்டத்துக்குத் தவணை கேக்க ஆளு வந்துது மக்களே. அறுக்க வந்தவளுக்கு அந்த வருசம் கொத்து கெடைக்கல்ல. அவ யாருட்ட போய்த் தவணை கேப்பா? வயித்துட்டயா?"

விளைச்சலில் ஒரு பங்குதான் கூலி என்றால், விளைச்சல் இல்லாத வருஷம் கூலியும் இல்லை. ஐந்தில் ஒன்று என்ற கணக்கு அவளுக்குக் கிடையாது. சுந்தரம் பிள்ளையின் வாசிப்பில் விடுபட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

ஓலை பேசுகிறது

கல் சொல்லாததைச் சில சமயம் ஓலை சொல்லும். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டிபுரம் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைத் தேடி வெளிக்கொணர்ந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தவர்தான் அவரும். பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவ்வோலைகளை நூலாகப் பதிப்பித்தார். பன்னிரு பிடாகை நாட்டார் கூடி, அநியாய வரி கொடுப்பதில்லை என்று உறுதி எடுத்த செய்திகள் அந்த ஓலைகளால்தான் நமக்குத் தெரிகின்றன. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. அதே கட்டில் மனிதரை விலைக்கு வாங்கிய, விற்ற அடிமை ஓலைகளும் இருக்கின்றன. அரசனை எதிர்த்து நின்ற அதே சமூகத்தின் வீடுகளில்தான் இதுவும் நடந்தது. ஓர் ஓலையை எடுத்துக்காட்டி மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855இல். சுந்தரம் பிள்ளை பிறந்ததும் அதே ஆண்டு. அவர் கிராமங்களில் கல்வெட்டுப் படித்துத் திரிந்த நாளில், அடிமையாகப் பிறந்தவர்கள் அந்த வயல்களில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரிடமாவது ஒரு பாட்டோ ஒரு பஞ்சக் கதையோ கேட்டு எழுதியிருந்தால் மணலிக்கரைக் கல்லின் மறுபக்கம் நமக்குக் கிடைத்திருக்கும். அன்றைய ஆராய்ச்சி முறை அதைக் கேட்கச் சொல்லவில்லை. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

முடிவாக

அப்படியானால் மணலிக்கரைக் கல்வெட்டை மறந்துவிடலாமா? கூடாது. வயலைப் பார்க்காமல் வரி போடாதே, இல்லாதவனிடம் வட்டி கேட்காதே என்னும் நியாயம் 1235இல் இந்த மண்ணில், தமிழில் எழுதி வைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது; நாம் இந்தப் பக்கம் இருந்துவிட்டோம். எல்லைக்கோடு எங்கே போனாலும் இரு பக்கத்துக்கும் பொதுவான சொத்து அந்தக் கல். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போகும்போது இந்தக் கல்லின் கதையையும் சொல்லுங்கள்.

சொல்லும்போது சபையார், ஊராரோடு நிறுத்திவிடாதீர்கள். வரப்பில் நின்று சாவியைக் கணக்கெடுத்தவர்களுக்குக் கல்லில் இடம் கிடைத்தது. சேற்றில் நின்றவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு ஐந்தில் எத்தனை பங்கு என்று ஒரு பிள்ளையாவது திருப்பிக் கேட்டால், பேராசிரியர் விட்ட இடத்திலிருந்து அந்த ஆராய்ச்சி தொடர்கிறது என்று நான் சந்தோஷப்படுவேன்.