வென்றோர் எழுதிய சாட்சியம்: ‘காலா பாணி’ நாவலில் வரலாறும் புதிரும்

தோற்றுப்போன கிளர்ச்சியைக் கருவாகக் கொள்ளும் நாவல்கள் பெரும்பாலும் கிளர்ச்சித் தலைவர்களின் மரணத்தோடு முடிவடைகின்றன. மு. இராஜேந்திரன் தம் ‘1801’ நாவலில் போரைப் பாடிய பின்னர், அதன் பிந்திய நிலையைக் ‘காலா பாணி’யில் தனியே எடுத்துக்கொண்டார். 2022ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இந்நாவல் துப்பறியும் கதையன்று. எனினும் வாசகரை இழுத்துச் செல்லும் ஆற்றல் அவ்வகைக் கதைக்கு உரியதே. கப்பலேற்றப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதே அதன் வினா.

வரலாற்றுச் செய்திகள் சுருக்கமானவை. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் மற்றும் 72 பேரும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து நாடு கடத்தப்பட்டனர். சென்ற இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு, அதாவது நம் பினாங்கு. மன்னரோ சுமத்திராவின் பெங்கூலனில் அதே ஆண்டில் மறைந்தார். சிவகங்கையில் கும்பினியார் அமர்த்திய கௌரி வல்லபரும் ‘பெரிய உடையணத் தேவர்’ என்றே அழைக்கப்பட்டார். ஒரே பட்டத்துக்குரிய இருவருள் ஒருவர் சமீன்தாராகவும் மற்றவர் கைதியாகவும் ஆனமை கற்பனையாளன் புனையத் தயங்கும் முரண்.

இங்கு நாவலாசிரியர் எதிர்கொள்ளும் இடர் தனித்தன்மை வாய்ந்தது. துப்பறியும் கதையில் குற்றவாளி தடயத்தை மறைப்பான். இங்கோ தண்டித்தவனே தடயத்தை எழுதி வைத்துள்ளான். கைதிகள் தாமே எழுதியதாக நம் கைக்கு எதுவும் எட்டவில்லை. கிடைப்பவற்றுள் மிகவும் உருக்கமானது கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பாகும். வெல்ஷுக்கு ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருது. அவருடைய மகன் துரைசாமியை 1818இல் பினாங்கில் வெல்ஷ் காண நேர்ந்தது. நாடு கடத்தப்பட்டபோது இளைஞனாக இருந்தவன் பதினாறு ஆண்டுகளில் நலிந்த முதியவனாக முன்னே நின்றான். பெயரைச் சொன்ன பின்னரே அடையாளம் புலப்பட்டது. அப்பதினாறு ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன என்பதை வெல்ஷ் விரித்துரைக்கவில்லை. நாவலின் உண்மையான புதிர் இதுவே என்பது என் கருத்து.

ஆவணத்தின் மீது ஆசிரியர் கொண்ட பற்று இந்நாவலின் வலிமையும் குறையும் ஆகும். செய்தி பொய்யாகாதிருக்க வேண்டும் என்னும் அக்கறை, வீரவழிபாட்டு நாவல்களின் மிகையிலிருந்து இதனைக் காக்கிறது. அதே அக்கறை, நாளும் இடமும் எண்ணிக்கையும் வரிசையாக நிற்குமிடங்களில் கதையை அறிக்கைக்கு அருகில் கொண்டு செல்கிறது. ஆவணம் பேசாத இடத்தில்தான் நாவலாசிரியனுக்கு உரிமை மிகுதி. அவ்வுரிமையை இராஜேந்திரன் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார். தலைப்பும் சிந்தனைக்குரியது. ‘காலா பாணி’ என்னும் இந்தித் தொடர் 1858க்குப் பின் அந்தமானோடு இறுகப் பிணைந்துவிட்டது. பினாங்கு நாடுகடத்தலோ அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. ‘தீவாந்தரம்’ என்னும் நம் வழக்கு இதற்கு மேலும் பொருந்தியிருக்கும்.

மலேசிய வாசகருக்கு இந்நூல் வேறொரு வகையிலும் இன்றியமையாதது. நம் வரலாற்றுரைகள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து, அதிலும் இரப்பர்த் தோட்டத்திலிருந்து, தொடங்குகின்றன. 1804இல் பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையைச் செங்கல்லாலும் கல்லாலும் மீளக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அரசியல் கைதியும் குற்றக் கைதியும் கூலியும் ஒருவரல்லர். அவர்களை ஒரே வரியில் அடக்கும் பாடவுரையை ஆசிரியர்கள் இந்நாவலை வைத்துக் கேள்விக்கு உட்படுத்தலாம்.

ஜொகூரில் இருந்து எழுதுவதால் இன்னொன்றையும் கூறவேண்டும். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஐந்தாம் இலகு காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிலர் நீரிணையைக் கடந்து ஜொகூருக்குள் ஓடி வந்து பிடிபட்டனர். அவர்கள் தமிழரல்லர், எனினும் அவர்கள் பதுங்கிய மண் நம்முடையது. கிளர்ச்சிக்குப் பிந்திய நாள்களைத் துப்பறியும் வடிவில் எழுத முனையும் இளையோருக்கு, பினாங்கினும் அணுக்கமான களம் இங்கேயே இருக்கிறது.