வேண்டாத டிரைவரும் வீண்பழியும்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டுப் பதிவுசெய்கிறவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. பதிவில் ‘டிக் டிக்’ என்று சத்தம் விழுந்தாலும், ஒலி நடுவில் அறுந்தாலும், விண்டோஸில் கிடக்கும் வேண்டாத ஆடியோ டிரைவர்களையெல்லாம் துடைத்தெடுத்துவிடுவார்கள். மதர்போர்டின் ரியல்டெக், மானிட்டருக்கு ஒலியைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ டிரைவர், வேறொரு மென்பொருளோடு வந்து ஒட்டிக்கொண்ட ஆசியோ ஃபார் ஆல் என்ற பொது டிரைவர் எதுவும் தப்பாது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர் மட்டும் மிஞ்சும். இந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்கிற அளவுக்கு அதனால் நோய் தீர்வதில்லை.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். விண்டோஸின் ஒலிக்கலவை வழியாகப் போகாமல் பதிவு மென்பொருளும் இன்டர்ஃபேஸும் நேராகத் தொடர்புகொள்ள, ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய முறை ஆசியோ. ஒவ்வொரு ஆசியோ டிரைவரும் ரிஜிஸ்ட்ரியில் தன் பெயரைப் பதிந்துவைக்கும். க்யூபேஸ், ரீப்பர் போன்றவை அந்தப் பெயர்களைத்தான் வரிசையாகக் காட்டுகின்றன. பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். இன்டர்ஃபேஸை ஆன் செய்ய மறந்து மென்பொருளைத் திறந்தால், அது கைக்குக் கிடைத்த இன்னொரு டிரைவருக்குத் தாவிவிடலாம். நல்ல மைக் முன்னால் நின்று பாடியதெல்லாம் லேப்டாப்பின் பொடி மைக்கில் ஏறியிருக்கும். எச்டிஎம்ஐ கதை இன்னொரு விதம்: மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் அதையே முதன்மை ஒலிச்சாதனமாக்கிவிடுவதும், ஸ்பீக்கரில் சத்தமே வராமல் ஆள் திணறுவதும் அடிக்கடி நடப்பவை. பட்டியலைக் குறைத்தால் இந்த இரண்டு தொல்லையும் போய்விடும்.

சத்தம் அறுபடுவது மட்டும் வேறு கணக்கு. 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒலியைத் துண்டு துண்டாகத் தேக்கிவைக்கும் இடம்) வைத்தால், ஒரு பஃபரை நிரப்பக் கிடைப்பது சுமார் 2.7 மில்லிசெகண்ட். அதற்குள் வேறொரு டிரைவர் பிராசஸரைப் பிடித்துவைத்துக்கொண்டால் ஒலி அறும். அப்படிப் பிடித்துவைப்பது யார்? தேர்ந்தெடுக்கப்படாத ஆசியோ டிரைவர் வெறும் பதிவாகக் கிடக்கிறதே தவிர, பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டால், தாமதப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் வருவது ஆடியோ டிரைவரே அல்ல: நெட்வொர்க்குக்கான என்டிஐஎஸ், கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர், லேப்டாப்பில் பேட்டரியைக் கவனிக்கும் ஏசிபிஐ. வைஃபையை அணைத்ததும் நின்றுபோகிற சத்தத்துக்காக ரியல்டெக்கை அழித்தவர்கள் எத்தனையோ பேர். ரியல்டெக், எச்டிஎம்ஐ டிரைவர்கள் விண்டோஸோடு சேர்ந்தே ஏறுகிறவை. அவற்றைச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்து பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும், அழிக்கத் தேவையில்லை.

அழித்தாலும் அது நிலைக்காது. விண்டோஸ் அப்டேட் ரியல்டெக்கைத் திரும்பக் கொண்டுவரும்; கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும்போது எச்டிஎம்ஐ ஒலியும் கூடவே வந்து உட்காரும். என்விடியாவில் கஸ்டம் இன்ஸ்டாலுக்குப் போய் அந்த ஒன்றை மட்டும் டிக் எடுத்துவிடலாம். பயாஸிலேயே மதர்போர்டு ஒலியை அணைப்பது உறுதியான வழி. ஆனால் அதற்கும் விலை உண்டு. அந்த ‘வேண்டாத’ ரியல்டெக்குக்கு உண்மையில் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸின் அறிவிப்பு மணி, பிரௌசர் வீடியோ எல்லாம் அதன் வழியாகப் போனால், இன்டர்ஃபேஸ் பதிவுக்கென்றே இருக்கும். அதை ஒழித்தால் எல்லாமே இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் வரவேண்டும்: பாடிக்கொண்டிருப்பவரின் ஹெட்போனில் மெயில் வந்த மணி அடிக்கும்; 44,100-ல் இருக்கும் ப்ராஜெக்டும் 48,000 கேட்கும் விண்டோஸும் சாம்பிள் ரேட்டுக்காக மல்லுக்கட்டும்.

யாருக்கு வேண்டாதது என்பதையும் கேட்க வேண்டும். இன்டர்ஃபேஸ் வாங்க வசதியில்லாமல் லேப்டாப்போடு கீபோர்டைச் செருகி வாசிக்கும் மாணவருக்கு, மற்றவர்கள் குப்பை என்று தள்ளும் ஆசியோ ஃபார் ஆல்தான் அதிகத் தாமதமில்லாமல் வாசிக்க வழிவிடுகிறது. ஒருவர் சொன்ன பட்டியலை அப்படியே பார்த்து ரிஜிஸ்ட்ரியில் கைவைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஆகவே இந்தப் பழக்கத்துக்கு இரண்டு தனித்தனி மதிப்பெண் தர வேண்டியிருக்கிறது. தவறான டிரைவர் தேர்வாகிவிடும் குழப்பத்துக்கு இது நல்ல தீர்வு. ஒலி அறுபடுவதற்கு இது ஊகத்தில் எறியும் கல், பட்டால் உண்டு. முதலில் அளந்து பார்ப்பது, பிறகு ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்து அதே பாட்டை அதே பஃபரில் ஓடவிடுவது, மாற்றம் தெரியாவிட்டால் திரும்ப இயக்கிவிடுவது என்ற வரிசையில் போனால் குற்றவாளி பிடிபடும். அழிக்க வேண்டிய கட்டம் வந்தாலும், அந்த மென்பொருளின் சொந்த அன்இன்ஸ்டாலர் வழியாகவே போவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் துடைத்தவருக்குச் சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு அது திரும்பி வரும்போது, மறுபடி முதலிலிருந்து துடைக்க வேண்டியதுதான்.