நாக்கை நறுக்கும் முன்

பாண்டுப், செம்பூர், தாராவிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு தெளியவில்லை என்றால், யாராவது ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுவார். “அடிநாக்கு ஒட்டியிருக்கு, அதான் பேச்சு வரல” என்று உடனே முடிவாகிவிடும். வீட்டுப் பெரியவர்கள் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் டாக்டரிடம் காட்டி நறுக்கிவிடச் சொல்வார்கள். பேச்சு முழுவதும் நாக்கில்தான் இருக்கிறது, அதை அவிழ்த்துவிட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடிப்படை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி பல குழந்தைகளுக்கு உண்மையிலேயே தீங்கு செய்கிறது.

நாக்கின் அடிப்பக்கத்தை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய சவ்வு எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது குட்டையாகவோ தடித்தோ நுனிக்கு மிக அருகிலோ இருக்கும். நாக்கை நீட்டச் சொன்னால் நுனி நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவம் காட்டும். கீழுதட்டைத் தாண்டி வராது. எந்த அளவுகோலால் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நூற்றில் 4 முதல் 10 குழந்தைகள் வரை இப்படிப் பிறப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அளவுகோலுக்கு ஏற்ப எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது என்பதிலிருந்தே, ‘ஒட்டு’ என்று எதைச் சொல்வது என்பதில் மருத்துவர்களிடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று புரியும்.

நறுக்குவதன் பயன் தாய்ப்பாலில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஒட்டிய நாக்கால் மார்பைச் சரியாகப் பற்ற முடியாத குழந்தை ஈறால் கடிக்கும். தாய்க்குக் காம்பு வெடித்துப் புண்ணாகும். 5 பரிசோதனைகளில் 302 குழந்தைகளைப் பார்த்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, நறுக்கியபின் தாயின் வலி குறுகிய காலத்திலாவது குறைகிறது என்று கண்டது. குழந்தை பால் குடிப்பது மேம்பட்டதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஒட்டு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் இருக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2024இல் அறிவித்தது. 1989இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தாராவியை ஒட்டிய சயான் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கினார். தாய்ப்பாலின் அருமை அறிந்த அந்த வட்டாரத்தில், வலியால் பால் கொடுப்பதை நிறுத்தும் நிலையில் இருக்கும் தாய்க்குச் சில நொடி நறுக்கல் கைகொடுக்குமானால், அதைச் செய்வதே சரி.

பேச்சுக்காக நறுக்குவது வேறு கணக்கு.

நாக்கு நுனி மேலே எழ வேண்டிய ஒலிகளை மட்டுமே ஒட்டு தொட முடியும். தமிழில் ல, ர, ற, ன, அவற்றோடு நுனி மடிந்து மேலண்ணத்தை நாடும் ட, ண, ள, ழ. உதட்டால் பிறக்கும் ப, ம ஆகியவற்றுக்கும் நாக்கின் பின்பகுதியால் பிறக்கும் க, ங ஆகியவற்றுக்கும் இதில் பங்கே இல்லை. ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொல்லும் குழந்தையை நாக்கு ஒட்டு என்று அழைத்து வருகிறார்கள். அந்தக் குழந்தையின் நாக்கு நுனி வேண்டாத இடத்திலும் மேலே போய்ப் பல்லைத் தொடுகிறது. ‘க’வுக்கு நுனி தேவையே இல்லை என்பதால், இதற்கு ஒட்டு காரணமாக முடியாது. அது மழலையின் ஒரு கட்டம். வயது தாண்டியும் நீடித்தால் பயிற்சி தேவை, கத்தரி தேவையில்லை.

இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பார்த்தவை. ஆங்கிலத்தில் நுனியை மடக்கும் ஒலிகள் குறைவு. அதனால் சீன மாண்டரின் தமிழருக்குப் பயனுள்ள ஒப்பீடு. அதிலும் நுனியைப் பின்னுக்கு வளைத்துச் சொல்லும் ஒலிகள் ஒரு வரிசையாக உண்டு. பெய்ஜிங்கில் ஒன்றரை முதல் நாலரை வயது வரையுள்ள 129 குழந்தைகளை ஆராய்ந்து ஜூ ஹுவாவும் பார்பரா டாட்டும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் முதலில் கைக்கொண்டது அந்த ஒலிகளை அல்ல, சொல்லின் பொருளை மாற்றும் சுரத்தை. ‘மா’ என்பதை ஒரே சுரத்தில் நீட்டினால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை. அந்த ஏற்ற இறக்கம் குரல்வளையில் பிறக்கிறது. அதில் நாக்குச் சவ்வுக்கு வேலையில்லை. எனவே நாக்கு ஒட்டிய சீனக் குழந்தையின் சுரம் பிசகினால், காரணத்தை வாயில் தேடக் கூடாது, காதில் தேட வேண்டும்.

நுனியை வளைத்துச் சொல்லும் அந்த ஒலிகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தைவானிலும் தென்சீனத்திலும் பெரியவர்களே ‘ஷ’ வர வேண்டிய இடத்தில் ‘ஸ’ போலச் சொல்வது சாதாரணம். அங்கே வளரும் குழந்தையைப் பெய்ஜிங் அளவுகோலால் சோதித்தால், குறையில்லாத நாக்கிலும் குறை தென்படும். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அந்த வீடுகளில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். சென்னை வழக்கைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது ‘வாயப்பயம்’. ழகரத்தையே கேட்காத குழந்தைக்கு ழ வரவில்லை என்று நாக்கைக் குறை சொல்வது பெரிய அநியாயம். இன்னொன்றும் உண்டு. பால்வாடியில் இந்தியோ மராட்டியோ கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளை, மூச்சோடு சொல்ல வேண்டிய ‘க’வை வெறும் ‘க’வாகச் சொல்லும். தமிழில் அந்த மூச்சொலி எழுத்துகள் இல்லை, அவ்வளவுதான்.

நறுக்கியபின் பேச்சு திருந்தியது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அவற்றில் பலவற்றில் நறுக்காத குழந்தைகளோடு ஒப்பீடு இல்லை. மூன்று வயதுப் பிள்ளையின் பேச்சு எதுவும் செய்யாவிட்டாலும் ஆறு மாதத்தில் தெளியும் என்பதால், ஒப்பீடு இல்லாத வெற்றிக்கதையை அப்படியே ஏற்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2 முதல் 4 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டு 2020இல் வந்த ஆய்வில், நறுக்கியவர்கள், ஒட்டு இருந்தும் நறுக்காதவர்கள், ஒட்டே இல்லாதவர்கள் ஆகிய மூவகையினரின் பேச்சுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அதே ஆண்டில் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் நிபுணர் குழுவும், ஒட்டு பொதுவாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்ற கருத்துக்கே வந்தது. நாக்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. நுனி எழாவிட்டால் நுனிக்கு அடுத்த நாக்குப் பகுதியை உயர்த்தி ல சொல்லும் பிள்ளைகள் பலர்.

இதற்காக எப்போதும் நறுக்கவே கூடாது என்று சொல்வதும் தவறு. நாலைந்து வயதில், ல, ட, ண வரிசை மட்டும் தொடர்ந்து பிசகி, பயிற்சி கொடுத்தும் நுனி மேலெழாத பிள்ளை ஒருவன் இருப்பான். அவனுக்கு அறுவை உதவக்கூடும். அந்த வயதில் மயக்க மருந்து தேவைப்படும். இரத்தக் கசிவு, தழும்பு, உமிழ்நீர்க் குழாய்க்குக் காயம் என்று அரிதான ஆபத்துகளும் உண்டு. லேசர் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், கத்தரியைவிட அது மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நறுக்கிவிட்டால் ஒலி தானாக வந்துவிடாது. பழைய பழக்கத்தை மாற்றப் பேச்சுப் பயிற்சி தொடர வேண்டும்.

கவலைப்பட வேண்டியது வேறொரு குழந்தைக்காக. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்க்காத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை. நாக்கு ஒட்டியிருந்தாலும் குழந்தை பேசத் தொடங்கும். தெளிவு மட்டுமே குறையலாம். பேச்சே வராததற்குக் காது கேளாமை, ஆட்டிசம், அறிவு வளர்ச்சித் தாமதம் என்று வேறு காரணங்கள் இருக்கும். நறுக்கிவிட்டு ஆறு மாதம் பொறுத்திருக்கும் குடும்பம், செவித்திறன் சோதனையை அத்தனை மாதம் தள்ளிப்போடுகிறது. காது கேட்காத குழந்தைக்கு மொழி பதியும் ஆண்டுகள் திரும்பக் கிடைக்காதவை.

மும்பையில் இதற்கு வழி தூரமில்லை. 1983இல் தொடங்கி, பாந்த்ரா ரெக்ளமேஷனில் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்திலும், நாயர் மருத்துவமனையிலும் செவியையும் பேச்சையும் சோதிக்கும் பிரிவுகள் உண்டு. முதலில் காதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். போகும் முன் குழந்தை வீட்டில் பேசுவதையும், அதனோடு வீட்டார் பேசுவதையும் கைபேசியில் பதிந்து எடுத்துப்போவது நல்லது, முக்கியமாகச் சோதிப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால். ‘பல்’, ‘நிலா’ என்ற சொற்களில் ல பிசகும் பிள்ளை, இந்தியில் ‘லால்’ என்பதையும் பிசகாகச் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு மொழியில் மட்டும் பிசகினால் காரணம் அந்த மொழியைக் கேட்டுப் பழகிய விதத்தில் இருக்கும். எல்லா மொழியிலும் அதே ஒலி பிசகினால், அப்போது நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்க்கலாம்.